ஆர்டர் கொடுத்த பன்னிரண்டு சக்கர லாரி இன்னும் வரவில்லை: காத்திருக்கவா, ஸ்டாக்கில் நிற்கும் வண்டியை எடுக்கவா?

சங்ககிரி ஒற்றை லாரி | 18 ஜனவரி 2026

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள். இந்த வாரத்துக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரே லாரி, 2011 ஆகஸ்டில் பதிவான பத்துச் சக்கர வண்டி. நானும் என் மைத்துனரும் மாறி மாறி ஓட்டுகிறோம். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி இந்தூரில் இறக்குவோம். அங்கிருந்து நாசிக் பக்கம் போய் வெங்காயம் ஏற்றிக்கொண்டு சேலம் லீ பஜாருக்குத் திரும்புவோம். இந்தூரிலிருந்து நாசிக் வரை பெரும்பாலும் காலி வண்டிதான். இரண்டுக்கு மேல் அச்சு உள்ள மல்டி ஆக்சில் வண்டிக்குத் தேசிய பர்மிட் 15 ஆண்டு வரைதான். ஆகவே வரும் ஆகஸ்டோடு இந்த ஓட்டம் இந்த வண்டிக்கு முடிந்துவிடும்.

லாரிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும், கடந்த அக்டோபரில் புதிய வண்டிக்கு முன்பணம் கட்டினேன். பன்னிரண்டு சக்கரம், 35 டன் (வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை), 200 குதிரைத்திறன், நீள வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான நீளம்), லிஃப்ட் ஆக்சில் (காலியாக ஓடும்போது தூக்கிக்கொள்ளும் அச்சு), ஏ.சி. கேபின். இந்த அமைப்பில் ஸ்டாக் இல்லை, தொழிற்சாலையில் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும் என்றார்கள். சரி என்று சொன்னேன். தீபாவளி கழிந்து ஆறு வாரம் என்றார்கள். பிறகு டிசம்பர் கடைசி என்றார்கள். பிறகு பொங்கலுக்குள் என்றார்கள். இப்போது மார்ச் என்கிறார்கள். காரணம் கேட்டால் உற்பத்தித் தாமதம் என்ற ஒற்றைச் சொல்தான் பதில்.

நேற்று அதே விற்பனையாளர் அழைத்து, யார்டில் வேறொரு வண்டி தயாராக நிற்கிறது என்றார். அதே குதிரைத்திறன்தான். ஆனால் லிஃப்ட் ஆக்சில் இல்லை, வீல்பேஸ் குறைவு. கணிசமான தள்ளுபடி தருகிறார்கள், இந்த வாரமே எடுத்துக்கொள்ளலாம். கடன் கொடுக்கும் நிறுவனமும் ஒப்புதல் கடிதத்தின் கெடு முடியப்போகிறது என்று நெருக்குகிறது. என்ன செய்யலாம்?

ஆத்தூர் ஆறுசக்கரம் | 18 ஜனவரி

எடுத்துவிடுங்கள் அண்ணா. சிவராத்திரி வருகிறது, அடுத்து பங்குனியில் வடக்கே நவராத்திரி விரதம். விரத உணவான ஜவ்வரிசிக்கு லோடு கிடைக்கும் காலம் இதுதான். வண்டி இல்லாமல் சீசனைக் கோட்டை விட்டுவிட்டு, லிஃப்ட் ஆக்சில் வந்து என்ன பயன்? எங்களைப் போன்ற சிறிய ஆட்களுக்கு ஓடுகிற வண்டிதான் வண்டி.

தொப்பூர் இறக்கம் | 18 ஜனவரி

தம்பி, அவசரப்படாதீர்கள். முதலில் ஒன்றைக் கேட்டுச் சொல்லுங்கள். யார்டில் நிற்கும் அந்த வண்டி எந்த மாதம் தயாரானது? அதன் கேபினில் ஏ.சி. இருக்கிறதா?

மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் ஒவ்வொன்றுக்கும் ஏ.சி. கேபின் கட்டாயம். சட்டம் பார்ப்பது தயாரான நாளைத்தான், விற்ற நாளை அல்ல. ஆகவே அதற்கு முன் தயாராகி விற்காமல் நிற்கும் வண்டியை ஏ.சி. இல்லாமலே இன்றும் விற்கலாம். தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இங்கேதான் சந்தேகம்.

ஏ.சி.யைச் சொகுசு என்று பேசும் முதலாளிகளை எனக்குத் தெரியும். மே மாதத்தில் துலே, சோலாப்பூர் வழியாகப் பகலில் வண்டி ஓட்டியிருந்தால் அப்படிப் பேச மாட்டார்கள். கீழே இன்ஜின் சூடு, எதிரே அனல் காற்று. இரவு ஓட்டிவிட்டுப் பகலில் கேபினில் படுத்தால் தூக்கம் வராது. அந்தத் தூக்கம் கெட்ட கண்ணோடுதான் வெங்காய லோடுடன் தொப்பூர் கணவாயில் இறங்குகிறோம். அந்த இறக்கத்தில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மைத்துனரும் அதே கேபினில்தானே படுக்கப்போகிறார்.

ஷோரூம் மேசை | 19 ஜனவரி

பல ஆண்டு லாரி விற்பனையில் இருந்துவிட்டு இப்போது வேறு தொழில் செய்கிறேன். மேசையின் மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால் உதவும் என்று எழுதுகிறேன்.

வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கியதும் தொழிற்சாலையில் வண்டி கட்டத் தொடங்குவதில்லை. விற்பனையாளர் மாதாமாதம் தமக்கு வேண்டிய வண்டிகளின் பட்டியலை நிறுவனத்துக்கு அனுப்புவார். அதற்கு இன்டென்ட் என்று பெயர். நிறுவனம் எல்லா ஊர்ப் பட்டியலையும் சேர்த்துப் பார்த்து, எந்த ரகத்தை எந்த வாரம் கட்டுவது என்று முடிவு செய்யும். அதிகம் விற்கும் ரகங்கள் முன்னால் போகும். உங்களுடையதைப் போல வீல்பேஸ், ஆக்சில், கேபின் மூன்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்த வண்டி, அதே அமைப்பில் இன்னும் சில ஆர்டர்கள் சேரும் வரை பின்னால் நிற்கும். கட்டி முடித்தபின் யார்டுக்கு வரும். அதன்பிறகுதான் இந்த வண்டி இன்னாருக்கு என்று ஒதுக்குவார்கள். அதுதான் அலாட்மென்ட்.

சேஸிஸ் எண் (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறிக்கும் தனி எண்) கைக்கு வரும் வரை எந்த விற்பனைப் பிரதிநிதி சொல்லும் தேதியும் அவருடைய நம்பிக்கைதான். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு மேலே இருப்பவர் சொன்னதை அவர் சொல்கிறார், அவ்வளவே. ஆனால் நீங்கள் அதை நம்பிப் பழைய வண்டியை விற்றுவிடக்கூடாது. சரக்கு ஏற்றும் பாடி கட்டப் பணம் கொடுத்துவிடக்கூடாது, ஓட்டுநருக்கு வேலை நாளும் சொல்லிவிடக்கூடாது. சேஸிஸ் எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் ஆர்டர் இன்டென்டில் எந்த மாதம் ஏறியிருக்கிறது, உற்பத்தி வாரம் ஒதுக்கியாகிவிட்டதா என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் அலுவலகத்தில் பதில் உண்டு.

அடுத்து விலை. நீங்கள் கையெழுத்திட்ட ஆர்டர் படிவத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பில் போடும் நாளில் உள்ள விலையே பொருந்தும் என்று சிறிய எழுத்தில் இருக்கும். புத்தாண்டிலோ ஏப்ரலிலோ விலை ஏறினால் அந்தச் சுமை உங்கள் தலையில்தான் விழும். தாமதம் அவர்களுடையது, விலையேற்றம் உங்களுடையது என்பது நியாயமே இல்லை. அதை எதிர்த்துக் கேட்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு என்று, அந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்.

சங்ககிரி ஒற்றை லாரி | 19 ஜனவரி

தொப்பூர் அண்ணா சொன்னபடி இன்று நேரில் போய்ப் பார்த்தேன். 2025 ஆகஸ்டில் தயாரான வண்டி. ஏ.சி. இல்லை. நேற்று பேசும்போது இந்த இரண்டையும் அவர்கள் சொல்லவில்லை.

சேஸிஸ் எண் இன்னும் இல்லை என்கிறார்கள். இன்டென்டில் ஏறிய மாதத்தைக் கேட்டேன், மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். ஆனால் எனக்குப் புரியாத ஒன்று: மூன்று மாதமாக ஒரு வண்டியைக் கட்ட முடியாத அளவுக்கு அங்கே என்னதான் நடக்கிறது? ஓசூர் பக்கம் வேலை செய்யும் நண்பர்கள் யாராவது விளக்க முடியுமா?

ஓசூர் ஷிப்டு | 20 ஜனவரி

லாரித் தொழிற்சாலைகளுக்குப் பாகம் செய்து அனுப்பும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் லாரி ஏன் நிற்கும் என்பதைச் சொல்ல முடியும்.

2011-இல் வாங்கிய உங்கள் வண்டி பி.எஸ்.3 (வண்டிப் புகைக்கான அரசு விதிமுறை) காலத்து வண்டி. அதில் மின்னணுப் பொருள்கள் மிகக் குறைவு. 2015 அக்டோபரில் கனரக வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் வந்தது, 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் வந்தது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ்.4 வந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.5-ஐ விட்டு நேராக பி.எஸ்.6-க்குத் தாவினோம். புகையில் உள்ள கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பு, அதை அளக்க சென்சார்கள், எல்லாவற்றையும் ஆள ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் வந்து, வண்டி ஓடும்போதே புகையைக் கண்காணிக்க வேண்டியதாயிற்று. இந்தச் சின்னப் பொருள்களில் ஒன்று வராவிட்டாலும் வண்டியை வெளியே அனுப்ப முடியாது. இன்ஜின், கியர்பாக்ஸ், டயர் எல்லாம் மாட்டிய வண்டிகள் ஒரு சென்சாருக்காக யார்டில் வரிசையாக நிற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வண்டியே கட்டவில்லை என்று வெளியே நினைப்பார்கள். உள்ளே அது முக்கால்வாசி முடிந்து நிற்கும்.

2021-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது இதை உலகமே பார்த்தது. கொரோனா முடக்கத்தில் வண்டி நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. சிப் செய்பவர்கள் கணினிக்கும் கைப்பேசிக்கும் திரும்பினார்கள். வண்டி விற்பனை மீண்டபோது சிப் கையில் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் டெக்சஸில் கடும் குளிரால் சிப் ஆலைகள் நின்றன, மார்ச்சில் ஜப்பானில் ரெனெசாஸ் நிறுவனத்தின் ஆலையில் தீப்பிடித்தது, பிறகு மலேசியாவில் ஊரடங்கு. எங்கோ எரிந்த தீக்கு ஓசூரில் ஷிப்டு குறைந்தது. என் அனுபவத்தில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை.

இப்போதைய நிலை வேறு. ஆகஸ்ட் 15 அன்று வரி குறையப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும் வாங்க இருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். செப்டம்பர் 22 அன்று வரி குறைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். ஒன்பதே நாளில், அக்டோபர் 1 அன்று, ஏ.சி. கேபின் கட்டாயமானது. கம்ப்ரஸர், குழாய்கள், கேபினுக்குள் மாறிய வயரிங் என்று புதிய பாகங்கள் ஒவ்வொரு ரகத்துக்கும் வேண்டியிருந்தன. ஆர்டர் குவிவதும் பாகம் மாறுவதும் ஒன்றாகச் சேர்ந்தால், அதிகம் விற்கும் ரகத்துக்குத்தான் முதலில் பாகம் போகும். உங்கள் வண்டி பின்தங்கியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. உங்களிடம் யாரும் இதை உட்கார்ந்து விளக்காததுதான் எனக்கு வருத்தம். லட்சக்கணக்கில் பணம் போடுபவருக்கு இவ்வளவையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆத்தூர் ஆறுசக்கரம் | 20 ஜனவரி

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் தவணைக்காரரிடம் ஜப்பானில் தீப்பிடித்தது என்று சொல்ல முடியாது அல்லவா? காத்திருக்கச் சொல்பவர்கள் யாரும் அந்தக் காலத்துக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை.

நாகலூர் தோட்டம் | 20 ஜனவரி

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். என் கதை சிறிய வண்டி பற்றியது, ஆனாலும் கேள்வி ஒன்றுதான்.

காப்பித் தோட்டத்துக்குக் குட்டை வீல்பேஸ் உள்ள சிறிய சரக்கு வண்டி ஒன்றுக்கு, அறுவடைக்கு முன்பே ஆர்டர் கொடுத்திருந்தேன். நவம்பரில் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டோம், வண்டி வரவில்லை. இப்போது பறிப்பு முடியும் தறுவாயில் இருக்கிறது, அடுத்து மிளகு வரும். இடையில் என்னிடமும் நீளமான வீல்பேஸ் வண்டி தயாராக இருக்கிறது, எடுங்கள் என்றார்கள். நான் எடுக்கவில்லை. அறுவடை முழுக்க வாடகை வண்டியில்தான் மூட்டைகளைச் சேலத்துக்கு இறக்கினேன். செலவு அதிகம்தான், மறுக்கவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்துவிட்டார். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவருடைய வண்டி சில வளைவுகளில் ஒரே திருப்பில் திரும்புவதில்லை. ஒருமுறை பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டும். சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வண்டிகள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்போது லோடோடு பின்னால் எடுப்பது எவ்வளவு ஆபத்து என்று மலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். தோட்டத்துக்குள்ளோ, வண்டி உலர்களம் வரை போவதில்லை. ஆள் வைத்து மூட்டையைப் பாதை வரை சுமக்கிறார். இது ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு பிரச்சினை அல்ல. அந்த வண்டி இருக்கும் வரை ஒவ்வொரு மூட்டைக்கும் அந்தக் கூலி உண்டு.

உங்களுக்கு மலை இல்லை, ஆனால் இந்தூரிலிருந்து நாசிக் வரை காலி ஓட்டம் இருக்கிறது. லிஃப்ட் ஆக்சிலைத் தூக்கிக்கொண்டு ஓடினால் ஒவ்வொரு நடைக்கும் டயரும் டீசலும் மிச்சம். வெங்காயத்துக்கு நீளத் தளம் வேண்டும், உயரமாக அடுக்கினால் கீழ் மூட்டை நசுங்கும். நீங்கள் யோசித்துத்தான் அந்த அமைப்பைக் கேட்டிருக்கிறீர்கள். சில மாத நெருக்கடிக்காக அதை விட்டுக்கொடுப்பது சரியல்ல என்பதே என் கருத்து.

செவ்வாய்ப்பேட்டை கணக்கர் | 21 ஜனவரி

லாரி உரிமையாளர்களுக்குக் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

வரி: ஜி.எஸ்.டி. விகிதம் பில்லும் டெலிவரியும் நடக்கும் நாளைப் பொறுத்தது. வண்டி மார்ச்சில் வந்தாலும், விகிதம் மாறாத வரை 18 சதவீதம்தான். தாமதத்தால் அந்தச் சலுகை போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். வரிக்கு முந்தைய விலை 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால், பழைய விகிதத்தில் 11.2 லட்சம், புதிய விகிதத்தில் 7.2 லட்சம். வாங்கும்போது கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) திரும்ப எடுக்க முடியாத ஒற்றை லாரிக்காரருக்கு இந்த 4 லட்சம் முழுவதும் சொந்த லாபம்.

முன்பணம்: பொருள் விற்பனையில் முன்பணத்தின் மீது ஜி.எஸ்.டி. கட்டத் தேவையில்லை. 2017 நவம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. ஆர்டரை ரத்து செய்தால் வரியாகப் போய்விட்டது என்று சொல்லி எதையும் பிடித்துக்கொள்ள இடமில்லை.

கடன்: ஒப்புதல் கடிதம் காலாவதியானால் புதுப்பிக்கலாம். வட்டி விகிதம் சிறிது மாறலாம், அவ்வளவே. நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. சேஸிஸ் எண்ணும் பில்லும் இல்லாமல் கடன் தொகையை விற்பனையாளர் கணக்குக்கு அனுப்ப ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். பணம் போன நாளிலிருந்து வட்டி ஓடும், வண்டி வராது. அப்படிச் சிக்கி அலைபவர்களின் கணக்குப் புத்தகங்கள் என் மேசையில் இருக்கின்றன.

ஸ்டாக் வண்டியை எடுப்பதானால் விற்பனைச் சான்றான படிவம் 21-ஐப் பாருங்கள். தயாரான மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். 2026-இல் பதிவு செய்தாலும் அது 2025 வண்டிதான், விற்கும் நாளில் வாங்குபவர் அதைத்தான் பார்ப்பார். தள்ளுபடியை அந்த இழப்போடு ஒப்பிட்டு எடைபோடுங்கள்.

வருமான வரி: 44ஏ.இ. பிரிவில் (சரக்கு வண்டிக்கான உத்தேச வருமான முறை) கணக்குக் காட்டுபவர் என்றால், 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒரு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வருமானம் கணக்கிடப்படும். 35 டன் வண்டிக்கு மாதம் 35,000 ரூபாய். வண்டி உங்கள் பெயரில் இருக்கும் மாதங்கள்தான் கணக்கு, ஓடிய மாதங்கள் அல்ல. இப்போது எடுத்துப் பாடி கட்டும் பட்டறையில் நிற்க வைத்தாலும் இந்தக் கணக்கு ஓடும்.

கடைசியாக ஒன்று. வணிகத்துக்காக வாங்கும் பொருளுக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்று பலர் சொல்வார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்குபவரை நுகர்வோராகவே கருதுகிறது. ஒரே லாரியை வைத்துத் தாமே ஓட்டும் நீங்கள் அந்த வகைக்குள் வருவதாக வாதிட நல்ல இடம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதியலாம். இருபது லாரி வைத்திருக்கும் பெரிய உரிமையாளருக்கு இந்த வழி எளிதல்ல.

நாமக்கல் பட்டறை | 21 ஜனவரி

நான் லாரிக்குப் பாடி கட்டுபவன். எல்லோரும் சேஸிஸ் (பாடி இல்லாத வண்டி) வருவதோடு கதை முடிந்தது போலப் பேசுகிறீர்கள். எங்களிடம் வந்தபின் இருக்கும் வேலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தற்காலிகப் பதிவோடு சேஸிஸ் எங்கள் வாசலுக்கு வரும். தளம், பக்கப் பலகை, பெயின்ட், விளக்கு, ஒளிரும் பட்டை, பிறகு ஆர்.டி.ஓ. ஆய்வு. எதையும் அவசரத்தில் செய்ய முடியாது. லாரி பாடிக்கு இப்போது ஏ.ஐ.எஸ். 093 என்ற விதிமுறை இருக்கிறது. அகலம், உயரம், பின்பக்கத் தடுப்பு எல்லாம் அதன்படிதான். முன்பு போல் உரிமையாளர் சொன்ன உயரத்துக்கு ஏற்றிக் கட்டித் தர முடியாது. நிதியாண்டு முடிவில் எல்லோரும் மார்ச் 31-க்குள் பதிவு வேண்டும் என்று வந்து நிற்பார்கள். நீங்கள் சொல்லும் மார்ச்சில் சேஸிஸ் வந்தால் என் பட்டறையில் இடம் இருக்காது, பக்கத்துப் பட்டறையிலும் இருக்காது.

ஆகவே வண்டி ரோட்டுக்கு வர ஏப்ரல் கடைசி என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். ஆகஸ்ட் கெடுவுக்கு அப்போதும் நேரம் இருக்கிறது. சேஸிஸ் எண் வராமல் எங்களில் யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். என்னிடம் வந்தாலும் வாங்க மாட்டேன். வீல்பேஸ் வரைபடம் மட்டும் வாங்கி அனுப்புங்கள். லிஃப்ட் ஆக்சில் தூக்கும்போது மட்கார்டில் தட்டாமல் இருக்க இடைவெளி விட வேண்டும், வெங்காயத்துக்குப் பக்கப் பலகையில் காற்றுப் போக வழி விட வேண்டும். அதை முன்பே தாளில் போட்டு வைத்துவிட்டால் சேஸிஸ் வந்த நாளே இரும்பு வெட்டத் தொடங்கலாம்.

தொப்பூர் இறக்கம் | 21 ஜனவரி

ஆத்தூர்த் தம்பி கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அவர் கேட்டது சரியான கேள்வி. வருமானம் பழைய வண்டியிலிருந்துதான் வர வேண்டும். பர்மிட் ஆகஸ்டு வரை இருக்கிறது, வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது. அதை இந்தச் சிவராத்திரிக்கும் நவராத்திரிக்கும் ஓட்டுங்கள். டயரை மட்டும் பாருங்கள், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எப்போது என்று பாருங்கள். எட்டு ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்ட வேண்டும், அது நடு சீசனில் வந்து நிற்கக்கூடாது. புதிய வண்டி வருகிறது என்ற நினைப்பில் பழைய வண்டிக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுபவர்கள் பலர். வழியில் நிற்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

ஆத்தூர் ஆறுசக்கரம் | 21 ஜனவரி

பழைய வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது என்றால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். வண்டியை விற்றுவிட்டுக் காத்திருக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

ஷோரூம் மேசை | 22 ஜனவரி

இனி வாய்ப்பேச்சு வேண்டாம். ஒரு கடிதம் எழுதி, விற்பனை மேலாளர் பெயருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், நகலை நிறுவனத்தின் மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். முன்பணம் கட்டிய நாள், ரசீது எண், கேட்ட அமைப்பு முழுவதும், அவர்கள் சொன்ன தேதிகள் ஒவ்வொன்றும் அதில் இருக்கட்டும். நான்கு விஷயம் கேளுங்கள். உற்பத்தி வாரம் எது. எந்த நாளுக்குள் சேஸிஸ் எண் தருவார்கள். அந்த நாள் தவறினால் முன்பணம் முழுவதும் எத்தனை நாளில் திரும்பும். ஆர்டர் கொடுத்த நாளின் விலையை உறுதி செய்வார்களா. கோபச் சொல் ஒன்றும் வேண்டாம். கடிதம் வந்துவிட்டால் யாராவது பதில் எழுத வேண்டும், எழுதுவதற்கு முன் யாராவது உண்மையைப் பார்க்க வேண்டும்.

விலை உறுதி கிடைப்பது கடினம். ஆனால் கேட்டால், ஏறிய விலைக்கு ஈடாகக் காப்பீட்டிலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ ஏதாவது குறைத்துத் தருவார்கள்.

சங்ககிரி ஒற்றை லாரி | 30 ஜனவரி

இந்தூர் போய்விட்டு நேற்றுதான் திரும்பினேன். புறப்படும் முன்பே கடிதம் அனுப்பிவிட்டேன். ஸ்டாக் வண்டி வேண்டாம் என்றும் அதில் தெளிவாக எழுதினேன்.

பதில் வந்திருக்கிறது. ஆர்டர் இன்டென்டில் ஏறியது டிசம்பரில்தான். அக்டோபரில் பணம் வாங்கியவர்கள் டிசம்பரில்தான் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது மிகவும் கோபம் வந்தது. மூன்று மாதமாகத் தொழிற்சாலையைக் காரணம் காட்டியதில் பாதிக்கு மேல் இங்கேயே நின்ற காலம். நேரில் போய்ப் பேசினேன். மண்டல அலுவலகத்துக்கும் நகல் போனதால் மேலாளரே உட்கார்ந்து பேசினார். பிப்ரவரி மூன்றாம் வாரம் உற்பத்தி, மார்ச் 10-க்குள் சேஸிஸ் எண், தவறினால் பதினைந்து நாளில் முன்பணம் முழுவதும் திரும்பும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். விலையை உறுதி செய்யவில்லை. முதல் ஆண்டுக் காப்பீட்டில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள்.

கடன் ஒப்புதலைப் புதுப்பித்துவிட்டேன். வீல்பேஸ் வரைபடமும் கிடைத்துவிட்டது. பட்டறை அண்ணா, உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நாமக்கல் பட்டறை | 30 ஜனவரி

கிடைத்தது. கடைசி ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டம் எவ்வளவு என்பது அதில் தெளிவாக இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி கேட்டு வாங்குங்கள். மார்ச் 10-க்கு எண் வந்தால் ஏப்ரல் முதல் வாரத்தில் உங்கள் வண்டியை உள்ளே எடுக்கிறேன்.

ஓசூர் ஷிப்டு | 30 ஜனவரி

எண் வந்ததும் வண்டி யார்டில் எந்த நிலையில் நிற்கிறது என்று கேளுங்கள். எல்லாப் பாகமும் மாட்டிய வண்டியா, ஏதாவது ஒன்றுக்காகக் காத்திருப்பதா என்று பதிவேட்டில் இருக்கும். எண் மட்டும் தந்துவிட்டு வண்டியைத் தராமல் இழுக்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

ஆத்தூர் ஆறுசக்கரம் | 31 ஜனவரி

அண்ணா, நீங்கள் வேண்டாம் என்ற அந்த ஸ்டாக் வண்டி இன்னும் இருக்கிறதா? எனக்கு மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் கோழித்தீவன ஆலைக்கு இறக்கும் ஓட்டம். தூரம் குறைவு, வீல்பேஸ் குறைவாக இருந்தால் ஆலை வாசலில் திருப்ப வசதி. லிஃப்ட் ஆக்சில் எனக்குத் தேவைப்படாது. ஆகஸ்ட் வண்டி என்பதைச் சொல்லியே விலை பேசுவேன்.

தொப்பூர் இறக்கம் | 31 ஜனவரி

எடுத்தால் வெளியே கொடுத்தாவது ஏ.சி. மாட்டிவிடுங்கள் தம்பி. கிடைக்கும் தள்ளுபடியில் ஒரு பங்கை அதற்கென்று முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். வயரிங்கை வெட்டி ஒட்டாமல், அந்த நிறுவனமே ஒப்புக்கொள்ளும் கிட் எது என்று கேட்டு மாட்டுங்கள், வாரண்டி போய்விடக்கூடாது.

சங்ககிரி ஒற்றை லாரி | 31 ஜனவரி

நேற்று பார்த்தபோது யார்டில்தான் நின்றது. மேலாளரின் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். படிவம் 21-ஐயும் டயர்களின் தயாரிப்பு வாரத்தையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வெயிலில் பல மாதம் நின்ற வண்டி, பேட்டரியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.